தேயிலை போனால் காடு வந்துவிடுமா?

மாஞ்சோலை பற்றிப் பேச்சு எடுத்தால் நம்மூரில் இரண்டு கட்சிதான். "பாவம், தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த சனங்கள்" என்பது ஒன்று. "காடு காட்டுக்கே போகட்டும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் தேயிலையை விட்டுவிட்டால் காடு தானாக வந்துவிடுமா என்று இரண்டு கட்சிக்காரரும் கேட்பதில்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. கெடு 2028-இல் முடிகிறது. 2024-இலேயே கம்பெனி தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு அறிவித்துவிட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் நடுவில் கிடப்பவை.

காக்காச்சி என்ற பெயரை நாம் தேயிலையோடு சேர்த்தே கேட்டிருக்கிறோம். உலகத்துச் சூழலியலாளர்கள் அதைக் காட்டோடு சேர்த்துத்தான் அறிவார்கள். 1990-களில் டி. கணேஷ், ஆர். கணேசன், சௌபத்ரா தேவி ஆகியோர் அந்தப் பசுமைமாறாக் காட்டில் வேலை செய்தார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் பிரியா தாவிதாரும் அந்த ஆராய்ச்சிகளில் பங்குகொண்டவர். எந்த மரம் எப்போது பூக்கிறது, எந்தப் பூச்சி மகரந்தம் சேர்க்கிறது, எந்தப் பறவை விதையைச் சுமக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். வெடிப்பலா மரத்தின் பூவைச் சிங்கவால் குரங்கும் மலை அணிலும் வௌவாலும் தின்ன வரும். தின்ன வந்தவையே மகரந்தத்தையும் சுமந்து உதவுகின்றன என்பது அங்கே கண்ட சங்கதி. முன்பு மரம் வெட்டிய பகுதிகளில் பழமரங்கள் எப்படி மீள்கின்றன என்றும் பார்த்தார்கள்.

இந்தத் துறையில் 'இடையூறு' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. காற்றில் ஒரு பெரிய மரம் சாய்ந்து விதானத்தில் ஓட்டை விழுவதும் இடையூறுதான். வெயில் உள்ளே இறங்கும்; காத்திருந்த கன்றுகள் எழும்பும். காடு அப்படித்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆகவே இடையூறு வந்ததா என்று கேட்பதைவிட, எவ்வளவு பெரிது, எத்தனை நாள் நீடித்தது, விதை தரும் காடு எவ்வளவு தூரம் என்று கேட்பதுதான் சரி. ஒரு மரம் விழுந்த ஓட்டையும், நூறு வருடமாகத் தேயிலை நெருக்கி நட்டுக் கவாத்து செய்த மலைச்சரிவும் ஒன்றாகுமா? கவாத்தை நிறுத்தினால் தேயிலையே மரமாக வளர்ந்து நிழல் கட்டிவிடும். அடியில் வேறு கன்று எழும்புவது லேசில்லை.

வால்பாறையில் திவ்யா முடப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய சோலைத்துண்டுகளில் இருபது வருடத்துக்கு மேலாக நாட்டு மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். நட்ட இடங்கள், சும்மா விட்ட இடங்களைவிட நன்றாக மீண்டிருக்கின்றன. பெருங்காட்டைவிட்டு விலகிக் கிடக்கும் துண்டுகளில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். மாஞ்சோலையைச் சுற்றிலும் காடு இருப்பதால் ஓரங்களில் பறவையும் மரநாயுமே பாதி வேலையைச் செய்துவிடலாம். தோட்டத்தின் நடுப்பகுதிக்கு அந்த நம்பிக்கை போதாது.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக்கில் 1963-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு சிறு நீர்ப்பிடிப்பின் மரங்களை முழுக்க வெட்டிப் பார்த்தார்கள். ஓடையில் நீர் கூடியது. மண்ணிலிருந்த நைட்ரேட்டும் அதோடு கரைந்து போனது. வெட்டுவதற்கு முன்பே அளந்து வைத்திருந்ததால்தான் இது தெரிந்தது. நம் மணிமுத்தாறு அணைக்கு நீர் தருவதும் இந்த மலைதான். எனவே தேயிலை இருக்கும்போதே ஓடைகளை அளக்கத் தொடங்க வேண்டும். பிறகு அளந்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

இங்கேதான் சிக்கல். நம் நாட்டில் ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் மூன்று வருடத் திட்டமாகத்தான் வருகிறது. மரத்துக்கு மூன்று வருடம் ஒரு வயதா? முதுமலையில் ஆர். சுகுமார் குழுவினர் 1988-இல் 50 ஹெக்டேரில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, தீயும் யானையும் அந்தக் காட்டை எப்படி மாற்றுகின்றன என்று இன்றுவரை கணக்கெடுக்கிறார்கள். அப்படி ஒரே காட்டில் ஆயுளைச் செலவழிப்பவருக்குச் சம்பளமும் மரியாதையும் கிடைக்க வழி செய்தால்தான் அடுத்த தலைமுறையில் ஆள் வரும்.

மாஞ்சோலையிலும் அப்படி ஒரு நிரந்தர ஆய்வுக்களம் வேண்டும் என்பது என் கருத்து. தேயிலையின் ஒரு பகுதியைச் சும்மா விடுங்கள், ஒரு பகுதியில் செடியை அகற்றி நாட்டு மரம் நடுங்கள், பக்கத்துக் காட்டில் ஒரு பகுதியை ஒப்பீட்டுக்கு வையுங்கள். வருடாவருடம் எண்ணுங்கள். எண்ணும் வேலையை அந்த மலையில் பிறந்தவர்களுக்கே கொடுங்கள். எந்தச் சரிவில் எப்போது மூடுபனி இறங்கும், எந்த ஓடை கோடையிலும் வற்றாது என்பது அவர்களுக்குத் தெரியும். கூலி கேட்டு 1999 ஜூலை 23-இல் ஊர்வலம் வந்த அந்த மக்களில் 17 பேர் தாமிரபரணியில் உயிரை விட்டார்கள். காட்டின் பெயரால் அவர்களை மறுபடியும் வெறுங்கையோடு இறக்கிவிடுவது தர்மமில்லை.

குத்தகை முடிய அதிக நாள் இல்லை. வனத்துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து முதல் கணக்கை இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எடுத்துவிடலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது: ஒரு நாடா, மரத்தில் கட்டத் தகரத்துண்டு, ஒரு நோட்டுப்புத்தகம், வருடந்தோறும் திரும்பி வரும் நாலு பேர்.