வழக்குரை முன்னே, குளிர்த்தி பின்னே

துயரம் எல்லா நாட்டிலும் ஒன்றே என்கின்றனர் ஒரு சாரார். ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒவ்வொரு துயரம் என்கின்றனர் மற்றொரு சாரார். மனித உணர்ச்சிகளை ஆராயும் மேனாட்டு அறிஞருலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்விரு கட்சியாய்ப் பிரிந்து வாதாடி வருகின்றது. வாதம் பயனற்றதன்று. ஆனால் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் மக்களை முன்னிறுத்தி நோக்குங்கால், இரு கட்சியாரும் கேட்கத் தவறிய கேள்வியொன்று எஞ்சி நிற்கின்றது. அழுகின்றவரை அழவைத்தது யார்?

முதற் கட்சியாரின் பெயர்பெற்ற தலைவர் அமெரிக்க உளவியலாளர் போல் எக்மன். அவர் 1960களின் பிற்பகுதியில் நியூகினி மலைவாழ் மக்களுக்கு முகப் படங்களைக் காட்டி, சினம், அச்சம், அருவருப்பு, மகிழ்ச்சி, துயரம், வியப்பு ஆகிய ஆறும் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று நிறுவ முயன்றார். மாந்தர் யாவரும் ஓரினம் என்பதில் நமக்கு மறுப்பில்லை. அது நம் கொள்கையுமாகும். ஆயினும் படத்திலே முகம் மட்டுமே உண்டு. அம் முகத்துக்குரியவள் யார், அவள் மகனை யார் கொண்டு சென்றனர் என்பவற்றுக்குப் படத்தில் இடமில்லை.

இதே குறை மருத்துவத்திலும் நேர்ந்தது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்கப் படையினரின் துன்பத்தை முன்வைத்து எழுந்த கிளர்ச்சியின் பயனாக, 1980 ஆம் ஆண்டு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் மனவடு நோய் இடம்பெற்றது. அது அன்று ஒரு வெற்றியே. ஆனால் பட்டியல் நாடுவிட்டு நாடு சென்றபோது நோய்க்குறிகள் மட்டும் கூடச் சென்றன. நோய்க்குக் காரணமான போரின் வரலாறு பின்தங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26 இல் கடற்கோள் நாவலடியையும் திருச்செந்தூரையும் வாரிச் சென்ற பின்னர், வெளிநாட்டு உளவள ஆலோசகர் பலர் இலங்கையின் கிழக்குக் கரைக்கு வந்தனர். தூக்கம் வருகின்றதா, பழைய நினைவு மீள மீள வருகின்றதா என்பன அவர்தம் படிவங்கள் கேட்கும் கேள்விகள். வருகின்றது என்று விடை சொல்லும் ஒரு தாய், கடலை நினைத்துச் சொன்னாளா, கடலுக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னர் வந்த சீருடையை நினைத்துச் சொன்னாளா என்பதை அப்படிவத்திலிருந்து எவர் அறிவார்?

மருத்துவத்தை நாம் பழிக்கவில்லை. உறக்கமின்றித் தவிப்பவருக்கு மருந்தும் துணையும் வேண்டும். போரின் காயம் தனிமனிதர் உள்ளத்தோடு முடிவதன்று, குடும்பத்தையும் ஊரையும் ஒருசேரத் தாக்குவது என்று நம் நாட்டு உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதி வந்துள்ளார். நாம் எதிர்ப்பது மருத்துவத்தையன்று; அநீதியை நோயென்று பெயர் மாற்றி, கேள்வியை மூடிவிடும் தந்திரத்தையே.

இனி இரண்டாம் கட்சியார். பசிபிக் சமுத்திரத்தில் இஃபாலுக் என்னும் சிறு தீவில் ஆராய்ந்த கதரின் லட்ஸ், 1988 இல் வெளியிட்ட நூலில், அம் மக்கள் ‘சோங்’ என்று சொல்லும் சினம் வெறும் உள்ளக் கொதிப்பன்று, முறை பிறழ்ந்தமைக்கு எதிரான நியாயமான சினம் என்று காட்டினார். உணர்ச்சிக்குள்ளே ஒரு தீர்ப்பு உறைகின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. இஃது அரிய பேறு. ஆனால் இக் கட்சியிலும் ஓர் ஆபத்து உண்டு. ‘அவர்களுக்கு அவர்கள் பண்பாடு இருக்கின்றது; கோயிலும் சடங்கும் அவர்கள் துயரை ஆற்றிவிடும்’ என்று சொல்லி அதிகாரம் கைகழுவிவிடலாம். பண்பாட்டைப் போற்றுவதுபோற் பேசி நீதியை மறுப்பது பழைய ஆள்வோர் வழக்கம்.

இவ்விரு பிழைகளையும் விலக்க நமக்கு அயலூர் போகவேண்டுவதில்லை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலை எடுத்துக்கொள்க. அழுகைக்கு நிலைக்களனாக இழிவு, இழப்பு, நிலைதளர்வு, வறுமை என்னும் நான்கினையும், வெகுளிக்கு நிலைக்களனாக உறுப்பறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொலை என்னும் நான்கினையும் அது வகுக்கின்றது. தொல்காப்பியர் செய்யுளுக்கு இலக்கணஞ் செய்தவர், உளநூல் எழுதியவரல்லர். எனினும் உணர்ச்சியை அதன் காரணத்தினின்று பிரிக்க அவர் ஒருப்படவில்லை. வறுமை அழுகைக்குக் காரணம். கொலை வெகுளிக்குக் காரணம். நம் தமிழறிஞரோ மெய்ப்பாடு எட்டா, வடநூலார் சுவை ஒன்பதா என்று எண்ணிப் பார்ப்பதிலேயே காலங்கழித்து, வறுமையையும் கொலையையும் பரீட்சை வினாவுக்கு விடையாக்கிவிட்டனர்.

ஏட்டில் நின்றது இது. மட்டக்களப்பு மக்களோ இதனைச் சடங்காகவே வாழ்ந்து காட்டினர். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகையம்மன் கோயில்களில் வைகாசித் திங்களில் கதவு திறந்து விழா எடுப்பர். விழாநாட்களில் கண்ணகி வழக்குரை பாடப்படும். நிறைவில் அம்மனின் கோபாக்கினி தணியக் குளிர்த்தி நிகழும். வி. சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்த இக் காவியத்திலும் வழக்குரைத்த பின்னரே குளிர்ச்சிக் காதை வருகின்றது. இவ்வொழுங்கைக் கவனியுங்கள். வழக்கு முன்னே, குளிர்த்தி பின்னே. அரசன் செய்த கொலை ஊரறிய உரைக்கப்படாமல் அவள் சினத்தைக் குளிர்விக்க எவரும் முற்படுவதில்லை. படிவம் கொண்டுவந்தவரும், நல்லிணக்கம் பேசுவோரும், ‘பழையதைக் கிளறாதீர்’ என்போரும் கேட்பது வழக்குரை இல்லாத குளிர்த்தி.

1990 செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில், அகதிகளாய்த் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேரை இராணுவத்தினர் கொண்டு சென்றனர், அவர்கள் மீளவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட நூற்றெண்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். வழக்குரைக்க மன்றமில்லாத அந்த ஆண்டுகளில் தாய்மார் அம்மன் கோயில்களுக்குச் சென்றனர். தெய்வமாடி வாக்குச் சொல்வோரிடம், ‘என் பிள்ளை உயிரோடு இருக்கின்றானா?’ என்று கேட்டனர். மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் இதனை நேரிற் கண்டு ஆராய்ந்து, 1997 இல் தம் ஆய்வேட்டில் எழுதினார். ஊரெல்லாம் வாயடைத்திருந்தபோது, வெளியிற் சொல்லவொண்ணாததைத் தெய்வத்தின் வாய் சொல்லிற்று.

‘இது மூடநம்பிக்கையன்றோ?’ என்று பகுத்தறிவு நண்பர் கேட்கலாம். வாக்கு உண்மையா என்பது நம் வினாவன்று. பொலிஸ் நிலையமும் நீதிமன்றமும் பத்திரிகையும் செவிமடுத்திருந்தால், அத் தாய் ஆடுவோரின் காலடியில் ஏன் விழுந்தாள் என்பதே வினா. காணாமற் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் வந்தது. அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியது. கோயிலிற் கேட்ட கேள்விக்கு அரசு ஓர் அலுவலகம் திறக்கவே கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அதே 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அவ்வூர்த் தாயின் கண்ணீரும் இவ்வாவியில்தான் விழுந்தது. சத்துருக்கொண்டானுக்கு நீதி கேட்டுக் காத்தான்குடிக்கு மௌனம் காப்பவன் வழக்குரைப்பவனல்லன். தன் கட்சிக்கு மட்டும் குளிர்த்தி கேட்பவன். தமிழர் இயல்பிலேயே உணர்ச்சிவயப்பட்டவர் என்று பெருமை பேசுவோரும் இதனை எண்ணிப் பார்க்கட்டும். உணர்ச்சி இனத்தின் குருதியில் ஊறுவதன்று. ஆண்டும் நாளும் ஊரும் கொண்டது.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் லூசியன் ஃபெவ்ர் 1941 இல், தம் நாடு நாசிகளின் பிடியில் இருந்த வேளையில், அன்புக்கும் சாவுக்கும் இரக்கத்துக்கும் கொடுமைக்கும் வரலாறு எழுதப்படவில்லையே என்று குறைபட்டு, அப் பணிக்கு அறிஞரை அழைத்தார். அவ்வழைப்பு இன்று நமக்கும் உரியது. மட்டக்களப்பின் நெஞ்சத்தைப் பற்றிய ஆய்வுகள் ஆங்கிலத்தில் வந்துள்ளன, எழுதியோருக்கு நன்றி. ஆனால் அழுதவர் மொழியில் அழுகையின் வரலாறு இருக்க வேண்டாமா?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! ஒப்பாரியை நாட்டார் பாடல் என்று தொகுத்து, ஓசைநயம் வியந்து, பாடியவள் யாருக்காகப் பாடினாள் என்பதை அடிக்குறிப்பிலும் சேர்க்காத தொகுப்பு முறையைக் கைவிடுவோம். அவள் ஒப்புதலுடன், அவள் பெயருக்கு ஊறு நேராவண்ணம், ஊரையும் ஆண்டையும் காரணத்தையும் சேர்த்தே எழுதுவோம். படுவான்கரை வயற் கூலியாளின் துயரையும் காத்தான்குடி விதவையின் துயரையும் ஒரே ஏட்டில் எழுதுவோம். உணர்ச்சிகளின் வரலாறு என்னும் துறை நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றுமாயின், அது சாட்சியங்களின் களஞ்சியமாகவே வேரூன்றட்டும். குளிர்த்தி நிச்சயம் வேண்டும். இம்மக்கள் எரிந்தது போதும். ஆனால் வழக்கு உரைக்கப்படட்டும். அதன்பின் குளிர்த்தி பாடுவோம்.