பெட்டுக்கு வாடகை இருக்கு, உயிருக்கு விதி இல்லையா?

தோழர்களே, ஸ்க்ரோல் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

இன்ஜினியரிங் முடிச்சு சிப்காட் வேலைக்கு வந்தப்போ, நான் ஜூஜூவாடி பக்கம் ஒரு பிஜியில தங்கினேன். ரூமுக்கு 6 பெட். நைட் ஷிப்ட் போறவன் எந்திரிச்ச பெட்டுல, டே ஷிப்ட் முடிச்சவன் வந்து படுப்பான். மூணு மாடிக்கு ஒரே படிக்கட்டு. அதுக்குக் கீழேயே கேஸ் சிலிண்டர். ராத்திரி 11 மணிக்கு கிரில் கேட் பூட்டிடுவாங்க, சாவி ஓனர் வீட்ல இருக்கும்.

ஒரு நாள் நடுராத்திரி மீட்டர் பாக்ஸ்ல தீப்பொறி. படிக்கட்டு முழுக்க புகை. நாற்பது பேர் கிரிலைப் பிடிச்சுக்கிட்டு கத்தினோம். ஓனர் வந்து திறக்க இருபது நிமிஷம் ஆச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அது எங்க அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

மதுரையில அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2024 செப்டம்பர் 12, கட்ராபாளையம் பெண்கள் விடுதி. அதிகாலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீ. அன்றே இரண்டு பெண்கள் இறந்தார்கள். விடுதிக்கு அனுமதி இருக்கா, கட்டடம் உறுதியா இருக்கா என்ற கேள்வியெல்லாம் அதுக்குப் பிறகுதான் வந்தது.

நம்ம ஊருக்கே வருவோம். 2025 நவம்பரில் ஓசூர் பக்கம் நாகமங்கலத்தில், பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் ரகசிய கேமரா. கைதானவர்களில் ஒருவர் அதே விடுதியில் தங்கியிருந்த பெண். அப்படின்னா வாசல்ல செக்யூரிட்டி நின்னா மட்டும் போதாது, உள்ளேயும் தொடர்ந்து சோதனை வேணும்.

"சட்டம் இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு, பாதி இருக்கு. பொள்ளாச்சி விடுதிக் கொடுமைக்குப் பிறகு, 2014-ல் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கலெக்டரிடம் உரிமம் கட்டாயம். ஆனால் ஆண்கள் விடுதிக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. மூக்கண்டப்பள்ளியிலும் பேகேப்பள்ளியிலும் ரூமுக்குப் பத்துப் பேரா படுத்திருக்கிற பசங்க யார் கணக்கு?

இன்னொரு வேடிக்கை பாருங்க. ஜிஎஸ்டி கேட்டப்போ விடுதி உரிமையாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போய், "இது கடை இல்லை, குடியிருப்பு"ன்னு வாதாடினாங்க. 2024 மார்ச்சில் ஜெயிச்சாங்க. நல்லது, வாடகை ஏறாம இருந்தா நமக்கும் லாபம்தான். ஆனா குடியிருப்புன்னா, 2017 வாடகைச் சட்டம் சொல்ற எழுத்து ஒப்பந்தம் எங்கே? கரண்ட்டையும் தண்ணியையும் நிறுத்தக் கூடாதுங்கிற விதி எங்கே? கேட்டா "தம்பி, இது வீடு இல்ல, பிஜி"ங்கறாங்க. வரி கட்டச் சொன்னா வீடு, ரசீது கேட்டா பிஜியா?

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிப் போனா பெங்களூரு. அங்கே கோரமங்களா பிஜியில 2024 ஜூலையில் ஒரு இளம்பெண் கொலை செய்யப்பட்ட பிறகு, மாநகராட்சி விதி போட்டது. ஆளுக்கு 70 சதுர அடி, தினமும் 135 லிட்டர் தண்ணீர், 90 நாள் சிசிடிவி பதிவு, தீயணைப்புச் சான்று. அங்கேயும் ஒரு உயிர் போன பிறகுதான். ஓசூரில் யார் உயிர் போகணும்னு காத்திருக்கோம்?

"விதி போட்டா வாடகை ஏறும்"னு சொல்வாங்க. படிக்கட்டுக்கு அடியில இருக்கிற சிலிண்டரை வெளியே வைக்க எவ்வளவு செலவு? கேட் சாவியை உள்ளேயே தொங்கவிட எவ்வளவு செலவு?

"வடக்கனுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை?"ன்னு நம்ம கமெண்ட்லயே சிலர் எழுதுறீங்க. தோழர், அதே ரூம்ல அடுத்த பெட்டுல தருமபுரிப் பையனும் திருவண்ணாமலைப் பையனும் படுத்திருக்கான். தீ ஆதார் கார்டு பார்த்துப் பிடிக்காது. நம்ம தங்கச்சி பெங்களூரு பிஜியில தங்கும்போது, அந்த ஊர்க்காரன் இப்படிப் பேசினா நமக்கு எப்படி இருக்கும்?

நாம் கேட்பது:

1. ஆண்கள் விடுதி, பிஜி அனைத்துக்கும் உரிமம் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம்.
2. ஆளுக்கு இத்தனை சதுர அடி, இத்தனை பேருக்கு ஒரு கழிவறை என்று அளவு. உள்ளிருந்து திறக்கக்கூடிய இரண்டாவது வழி.
3. ஆண்டுக்கு ஒருமுறை தீயணைப்பு, மின் சோதனை. முடிவை வாசலில் ஒட்ட வேண்டும்.
4. அட்வான்ஸுக்கு ரசீது, எழுத்து ஒப்பந்தம்.
5. ஒப்பந்தக்காரர் ஆள் தங்க வைத்தால், வேலை வாங்கும் கம்பெனிக்கும் பொறுப்பு.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். அதுக்கு முன்னாடி 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் பாதிக்கப்பட்ட பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார வேண்டியிருந்தது. கேட்டாத்தான் நடக்கும்.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. உங்க பிஜியில மெயின் கேட் பூட்டின பிறகு சாவி எங்கே இருக்குன்னு பாருங்க. கையில கிடைக்கலைன்னா, நாளைக்கே ஓனர்கிட்ட கேளுங்க. கேட்கப் பயமா இருந்தா, தெரு பெயரை மட்டும் நமக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க. உங்க பெயர் வெளியே வராது. பட்டியலோட கலெக்டர் ஆபீஸ் போறோம்.

ஷேர் பண்ணுங்க. பக்கத்து பெட்டுல தூங்குறவனுக்கும் அனுப்புங்க.

#ஓசூர் #கிருஷ்ணகிரி #பாதுகாப்பான_விடுதி_எங்கள்_உரிமை