ஊருக்குத் தெரிந்த ரகசியம்

துப்பறியும் கதை என்றாலே பேருந்து நிலையக் கடையில் தொங்கும் மாத நாவல் என்று ஒதுக்கிவிடுவது தமிழ்த்துறைகளில் பலருக்கு வழக்கம். சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வையும் அந்தக் கொடியிலேயே தொங்கவிடுவது நியாயமன்று என்பது என் கட்சி.

ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல் இது. பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் (1894) போலீஸ் நிபுணன். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். இந்நாவலின் கல்யாணராமனோ நாட்டுப்பாடல் சேகரிக்கத் திருநிலம் என்ற சிற்றூருக்கு வந்து, ஜமீன் மாளிகையில் தங்குபவன். பாட்டுச் சேகரிப்பவனுக்கும் துப்பறிபவனுக்கும் வேலை ஏறத்தாழ ஒன்றே: பொறுமையாகக் கேட்பது, பாடபேதங்களை ஒப்பிடுவது, சொல்லாமல் விட்டதைக் குறித்துக்கொள்வது. நாவலின் சுவை எனக்கு இங்கேதான் தொடங்குகிறது.

அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ (1930) நாவலில் வரும் மிஸ் மார்ப்பிள் உள்ளூர்க்காரி. ஊர் வம்பே அவளுடைய சாட்சியம். தேவாரத்திலோ போடியிலோ அப்படி ஒரு கிழவியைக் கற்பனை செய்து பாருங்கள். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குப் புறப்படும் ஜீப்பில் நெருக்கியடித்து அமரும் பெண்களுக்கு ஊரின் எந்தக் கதை தெரியாது? ஆனால் விசாரணை என்று வந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நிலமும் சாதியும் கூலியும் அந்த வாய்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. யார் செய்தது என்பதைவிட யார் சொல்லுவது என்பதே நம் கிராமத்து மர்மம்.

சந்தைகளில் பாடி விற்கப்பட்ட கொலைச்சிந்துகளுக்கு இது தெரிந்திருந்தது. கொன்றவன் யார் என்பதை அவை ஒளித்து வைப்பதில்லை. நடந்ததைச் சொல்லி அழவைப்பதே அவற்றின் நோக்கம். பேச்சில் அடங்கிப்போனது பாட்டில் வெளிவந்தது. பாட்டுக் கேட்க வந்தவனையே துப்பறிய வைத்த சுஜாதாவின் தேர்வு அதனால்தான் பொருத்தமாகப் படுகிறது.

குறையும் உண்டு. திருநிலத்தை நாம் பெரும்பாலும் நகரத்தானின் கண் வழியாகவே பார்க்கிறோம். ஊரார் பலர் அவன் வியப்புக்கான பின்புலமாக நின்றுவிடுகிறார்கள். 1981இல் ஜி.என். ரங்கராஜன் இயக்கத்தில் இது படமானபோது இசையமைத்தவர் இளையராஜா. தேவாரத்துக்கு அருகிலுள்ள பண்ணைப்புரத்துக்காரர். கிராமத்துப் பாட்டைத் தேடிவரும் நகரத்தானின் கதைக்கு, அந்தப் பாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் இசையமைத்திருக்கிறார். எழுத்திலும் அப்படி ஒன்று நிகழவேண்டும். ஜீப்பில் போகும் அந்தப் பெண்களில் ஒருத்தியே துப்பறியும் நாவலைத் தமிழில் யாரேனும் எழுதினால், முதல் பிரதியை வாங்க நான் வரிசையில் நிற்பேன்.