‘3’ போட்ட வீட்டுக் கதவு

போன வாரம் நம்ம ஐ.டி. விங் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, வீடியோ எல்லாம் நல்லா போகுது. ஆனா பூத் லிஸ்ட்ல ‘யாருக்குன்னு இன்னும் சொல்லல’ன்னு இருக்கிற வீடு மட்டும் குறையவே மாட்டேங்குதே, ஏன்?" ரெண்டு பேர் தம்ஸ்-அப் போட்டாங்க. அடுத்த நிமிஷம் நாலு மீம் வந்து விழுந்து கேள்வி மேல போயிடுச்சு.

அந்தத் தம்பிக்கான பதிலை இங்கயே எழுதுறேன். நான் படிச்சது மெக்கானிக்கல் (ஐ.டி. விங்ல பாதிப் பேர் அப்படித்தான், அதை விடுங்க). ஒரு மெஷின் ஓடலைன்னா, இதே பழுது வேற எங்க வந்துச்சு, அங்க என்ன பண்ணாங்கன்னு முதல்ல பார்க்கச் சொல்லுவாங்க. நெட்ல ஜெயிச்சு தெருவுல தோத்த பழுது அமெரிக்க அதிபர் தேர்தல்ல 20 வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கு.

ஹோவர்ட் டீன். வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். 2004 தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகுறதுக்கான போட்டியில் களமிறங்கினார். ஃபேஸ்புக்கே பிறக்காத நேரம். பிளாக், மின்னஞ்சல், ‘மீட்அப்’ இணையதளம், இவ்வளவுதான் கையில். இதை வெச்சே நாடு முழுக்க ஆதரவாளர்களைத் திரட்டினார். பெரும்பாலும் சின்னச் சின்ன நன்கொடையாகவே 2003ல் சுமார் 4 கோடி டாலர் சேர்ந்தது. வேட்பாளர் இவர்தான்னு பத்திரிகைகள் கிட்டத்தட்ட முடிவே கட்டிட்டாங்க.

முதல் போட்டி அயோவா மாநிலத்தில், 2004 ஜனவரி 19. ஜான் கெர்ரி 38%. ஜான் எட்வர்ட்ஸ் 32%. நம்ம இன்டர்நெட் நாயகன் 18%. மூணாவது இடம்!

அயோவா ஓட்டு முறையைக் கொஞ்சம் சொல்லணும், அப்பதான் விஷயம் புரியும். அங்க அப்போ ‘காக்கஸ்’னு ஒரு முறை. வாக்குப்பெட்டி கிடையாது, ரகசியம் கிடையாது. பனி கொட்டுற ஜனவரி ராத்திரியில ஊர்க்காரங்க பள்ளிக்கூடத்திலயோ சர்ச்சிலயோ கூடுவாங்க. அவரவர் வேட்பாளருக்குன்னு ஒரு மூலையில போய் நிக்கணும். தலையை எண்ணுவாங்க. வந்த கூட்டத்துல 15 சதவீதம்கூட சேராத மூலை பொதுவா கலைஞ்சிடும். அங்க நின்னவங்க வேற மூலைக்குப் போகலாம். அந்த இடைவெளியில பக்கத்து வீட்டுக்காரர் வந்து கையைப் பிடிச்சு, "எங்க பக்கம் வாங்களேன்"னு பேசுவார். முடிவெடுக்காத வாக்காளரை நேருக்கு நேர் நின்னு சம்மதிக்க வைக்கிற வேலையே அங்க தேர்தல் முறையா இருந்துச்சு.

அந்த ஊருக்கு டீன் அணி என்ன பண்ணுச்சு தெரியுமா? கடைசி வாரங்களில் வெளிமாநிலங்களில் இருந்து சுமார் 3,500 தன்னார்வலர்களை இறக்குச்சு. எல்லார் தலையிலும் பளிச்சுனு ஆரஞ்சு நிறக் குல்லா. உழைப்பில் குறையே சொல்ல முடியாது, உறைபனியில கதவு கதவா தட்டினாங்க. ஆனா கதவைத் திறந்தவருக்குத் தெரிஞ்சது முகம் இல்ல, குல்லா. எங்கிருந்தோ வந்தவன் நம்ம ஊரு ஓட்டைப் பத்திப் பாடம் எடுக்கிறான்னு தோணிட்டா அப்புறம் என்ன பேசியும் பிரயோஜனம் இல்ல.

குல்லா மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரல. டீனும் கெப்ஹார்ட்டும் டி.வி. விளம்பரத்தில் ஒருத்தரை ஒருத்தர் கிழிச்சாங்க. முன்னணியில இருந்த ரெண்டு பேருமே அடிவாங்கினாங்க, கெப்ஹார்ட் நாலாவது இடத்துக்குப் போய் போட்டியை விட்டே விலகினார். சண்டையில சேராம ஓரமா நின்ன கெர்ரிக்கும் எட்வர்ட்ஸுக்கும் ஓட்டு போச்சு. எதிர்க்கட்சியைக் கிழிச்சு ஒரு நாளைக்கு 15 போஸ்ட் போடுற நம்மாளுங்க இந்தப் பத்தியை மட்டும் ரெண்டு தடவை படிக்கணும்.

நாலு வருஷம் கழிச்சு அதே அயோவா. 2008 ஜனவரி 3. அப்போ பத்துல ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்கள் இருந்த மாநிலம். அங்க ஒபாமா சுமார் 38% வாங்கி முதலிடம். எட்வர்ட்ஸும் ஹிலாரி கிளின்டனும் 30ஐ ஒட்டி நின்னாங்க. 2004ல் ஜனநாயகக் கட்சி காக்கஸுக்கு வந்தவங்க சுமார் 1.25 லட்சம். 2008ல் அது 2.4 லட்சத்தை நெருங்குச்சு!

என்ன மாத்தினாங்க? 2007லேயே இளம் களப்பணியாளர்களை அந்த ஊர்களுக்கே அனுப்பி, மாசக்கணக்குல அங்கயே குடியிருக்க வெச்சாங்க. அவங்க வேலை ஓட்டு கேட்கிறது மட்டும் இல்ல, அந்தத் தெருவுல இருக்கிற ஒருத்தரைக் கண்டுபிடிச்சு அவரை ஓட்டு கேட்க வைக்கிறது. பொதுத்தேர்தல் நாளுக்குள் 18 வயசு ஆகிடும்னா 17 வயசுப் பிள்ளைகளும் காக்கஸுக்கு வரலாம்ங்கிற விதியைப் பிடிச்சு, பள்ளிக்கூட மாணவர்களைச் சேர்த்தாங்க. மகளோ பேரனோ வீட்டுக்குள்ள பேசினா எந்த அப்பா, எந்தத் தாத்தா கதவைச் சாத்துவார்? இணையமும் இருந்துச்சு. ஒபாமாவோட தளத்துல போனா உங்க வீட்டுப் பக்கத்துல எந்த வீட்டுல கூட்டம் நடக்குதுன்னு காட்டும், கூப்பிட வேண்டிய பட்டியலும் கிடைக்கும். ஆளைப் போன்ல இருந்து வெளியே தள்ளுறதுதான் அந்தத் தளத்தோட வேலை.

இன்னொன்னு. அமெரிக்கப் பிரச்சாரத்துல தன்னார்வலர் கதவைத் தட்டிட்டுத் திரும்பும்போது, பட்டியல்ல அந்த வாக்காளருக்கு 1ல இருந்து 5 வரை ஒரு எண் போடுவார். 1 உறுதியா நம்ம ஆள். 5 உறுதியா எதிரணி. 3 இன்னும் முடிவு பண்ணல. ஐ.டி. விங்ல நாம தினமும் பண்றது என்னன்னா, 1கிட்ட கைதட்டு வாங்குறது, 5கிட்ட கமெண்ட்ல சண்டை போடுறது. 3 நம்ம பேஜை ஃபாலோவே பண்ணல தோழர்களே!

இதை நான் அனுபவத்துல தெரிஞ்சுக்கிட்டேன். போன உள்ளாட்சித் தேர்தல்ல நான் செஞ்ச ஒரு 40 விநாடி வீடியோ லட்சம் பேரைத் தாண்டுச்சு. துபாய்ல இருந்து, சிங்கப்பூர்ல இருந்து வாழ்த்து. எங்க வார்டுல சொற்ப ஓட்டுல தோத்தோம். எண்ணிக்கை முடிஞ்ச சாயங்காலம் எதிர் வீட்டுப் பெரியம்மா திண்ணையில போய் உட்கார்ந்தேன். அவங்களா சொன்னாங்க: "கடைசி வரைக்கும் எனக்கு ஒரு முடிவும் இல்லய்யா. ரேஷன் கடை மெஷின்ல என் ரேகை விழல. சித்தாள் வேலை பார்த்த கை, தேஞ்சு போச்சு. மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தக் கட்சிப் பையன்தான் கூட வந்து நின்னு வாங்கிக் கொடுத்தான். நீ தினமும் என் வாசல் வழியாத்தான் போற, போனைப் பார்த்துக்கிட்டே."

அவங்க எதிரணி இல்ல. 3. என் வீட்டுல இருந்து பத்தடி தூரம்.

சில தோழர்கள் கேட்பாங்க: "அங்க யாரும் கவர்ல காசு வெச்சுக் கொடுக்கிறதில்ல தம்பி, இங்க கடைசி ராத்திரியில எல்லாம் மாறிடும்." மாறலாம். ஆனா ரெண்டு பக்கமும் கவர் வாங்குற வீடும் உண்டு. பட்டன் முன்னாடி தனியா நிக்கும்போது அவங்களுக்கு யார் முகம் ஞாபகம் வருதுன்னு நினைக்கிறீங்க?

கதவைத் தட்டினாலே ஓட்டு மாறிடும்னும் நம்பாதீங்க. 1998ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் யேல் பேராசிரியர்கள் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் ஒரு சோதனை செஞ்சாங்க. நேர்ல போய்ப் பேசினா ஓட்டுப் போட வர்றவங்க எண்ணிக்கை தெளிவா கூடுச்சு, தொலைபேசி அழைப்புல பலன் தெரியல. ஆனா ஓட்டுப் போட வர வைக்கிறது வேற, மனசை மாத்துறது வேற. 2018ல் ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் ரெண்டு பேரும் 49 களச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. பொதுத்தேர்தல்ல பிரச்சாரத் தொடர்பும் விளம்பரமும் ஒருத்தரோட தேர்வை மாத்துற சராசரி அளவு ஏறக்குறைய பூஜ்யம்! ரொம்ப முன்னாடியே போய்ப் பேசினா கொஞ்சம் மாற்றம் வருது, அதுவும் தேர்தல் நாளுக்குள்ள கரைஞ்சிடுது. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல, உண்மையைச் சொல்றேன்.

அதே ரெண்டு பேர் 2016ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் தெம்பு கொடுத்துச்சு. அது தேர்தலைப் பத்தினது இல்ல, திருநர் மேல இருக்கிற வெறுப்பைப் பத்தினது. மயாமியில வீடு வீடாப் போய் சுமார் 10 நிமிஷம் பேசினாங்க. நோட்டீஸ் நீட்டல, வாதம் பண்ணல. உங்களை யாராவது ஒதுக்கி வெச்சது உண்டான்னு கேட்டு, பதிலைக் குறுக்க பேசாம கேட்டாங்க. தன் கதையையும் சொன்னாங்க. அந்த மாற்றம் மூணு மாசம் கழிச்சும் நின்னுச்சு. ஒரு மனசுல ஊறிப்போன வெறுப்பையே அசைக்க முடியும்னா, முடிவே எடுக்காத ஒருத்தர்கிட்ட உட்கார்ந்து பேசுறதுல நமக்கு என்ன தயக்கம்?

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில என் தெருவுல ‘3’ போட்ட 11 வீட்டுக்கும் போறேன். கட்சித் துண்டு, பேட்ஜ் எல்லாம் வீட்டுலயே இருக்கட்டும். முதல் வீடு பெரியம்மா வீடு. ரேகை இந்த மாசமாவது விழுந்துச்சான்னு கேட்கணும், விழலைன்னா திங்கட்கிழமை லீவு போட்டுட்டு கூடப் போகணும். உங்க தெரு லிஸ்ட்டை பூத் ஏஜென்ட் அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க. போயிட்டு வந்து அவங்க என்ன சொன்னாங்கன்னு ரெண்டு வரி குரூப்ல எழுதுங்க. செல்ஃபி வேண்டாம்.

- ஐ.டி. விங் தன்னார்வலர்