வாசிக்காத நூலுக்கு ஐந்து விண்மீன்கள்

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் நாவலுக்கு, முப்பது பக்கங்களைக்கூடத் தாண்டாத நிலையில், இணைய விற்பனைத் தளமொன்றில் ஐந்து விண்மீன்கள் இட்டு, தமிழ் நாவலுக்குப் புதிய திசை காட்டும் படைப்பு என்று நான்கு வரி எழுதினேன். 'இன்றிரவுக்குள் ஐம்பது மதிப்புரைகள் வந்தாக வேண்டும்' என்று எங்கள் வாட்சப் குழுவில் வேண்டுகோள் வந்திருந்தது. எழுதினேன், மறந்தும் போனேன்.

மறக்கவிடாதவர் என் மாணவி ஒருவர். அபிஷேகப்பாக்கத்திலிருந்து பேருந்தேறி வருபவர். பாடநூல் அல்லாத ஒரு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிய முதல் ஆள் அவர் வீட்டில் அவர்தான். என் பெயரைப் பார்த்தே அந்நாவலை வாங்கியிருக்கிறார். வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, நூறு பக்கத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் வாசிப்பில்தான் குறையா?" என்று கேட்டார். என்ன சொல்வேன்? நூறாம் பக்கம் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

நூலை விற்பதே இழிவு என்று சொல்ல வரவில்லை. புதுவையில் பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதி, 1920இல் தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, நூலொன்றுக்குப் பத்தாயிரம் படிகள் அச்சிட்டு விற்கத் திட்டமிட்டார். நண்பர்களிடம் கடனுதவியும் கேட்டார். 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செல்லப்பா மூட்டையுடன் வந்து நின்றபோது, எதிரில் நிற்பவர் விற்க வந்தவர் என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருந்தது. இன்று விற்பவர் வாசகரின் வேடத்தில் வருகிறார். என் சண்டை அந்த வேடத்தோடுதான்.

2018இல் தமிழுக்கும் வந்தது அமேசானின் 'பென் டு பப்ளிஷ்' போட்டி. அதன் முதற்கட்டத் தேர்வில் விற்பனையும் வாசகர் மதிப்புரைகளும் கணக்கில் கொள்ளப்பட்டன. நடுவர்கள் வந்தது அதற்குப் பிறகே. அப்படியொரு விதி இருக்கும்போது எழுத்தாளர் என்ன செய்வார்? நண்பர்களைத் திரட்டுவார். முகநூலில் நட்பு வட்டம் பெரிதாக உள்ளவர் முந்துவார். தனியே அமர்ந்து எழுதியவர் பிந்துவார். போட்டி வரும், போகும்; அது கற்றுத்தந்த பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது. அட்டைப்படம் வெளியீடு, முன்பதிவு, 'கையில் கிடைத்தது' என்றொரு நிழற்படம், அன்று மாலையே ஒரு பாராட்டுரை என்று சடங்குகள் பெருகின. இலக்கியக் குழுமம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது, சம்பளமில்லாத விற்பனைப் பிரிவாகிவிட்டது.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. பெருநகரப் பதிப்பகங்களின் கதவு திறக்காத சிற்றூர் எழுத்தாளருக்கு இணையம்தானே வழிவிட்டது என்பார்கள். உண்மை. மறுக்க மாட்டேன். அந்த வழியால் வந்த நல்ல எழுத்தை நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் எல்லா நூலும் 'தவறவிடக்கூடாத நூல்' என்றாகிவிட்டால், அந்தச் சிற்றூர்க்காரரின் உண்மையான நல்ல நூலை எப்படி அடையாளம் காட்டுவீர்கள்? சொல்லின் மதிப்பை நாமே அழித்துவிட்ட பிறகு, பாராட்ட எந்தச் சொல் மிஞ்சும்?

பொருள் பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் நெறி வகுத்தது. 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்னும் தரநெறியை வெளியிட்டது. மிக்சியும் செருப்பும் வாங்குபவர் ஏமாறக்கூடாது என்று அங்கே அக்கறைப்படுகிறார்கள். தொல்காப்பியம் முதல் திறனாய்வு வரை கற்பிக்கும் நமக்கு அந்த அளவு நாணயம்கூட வேண்டாமா?

நான் கேட்பது அதிகமில்லை. முழுதும் வாசிக்காத நூலுக்கு மதிப்புரை எழுதாதீர்கள். ஆசிரியர் நண்பரென்றால் 'நண்பர்' என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். குறை கண்டால் அதையும் எழுதுங்கள். நட்பு முறியுமென்றால், அப்படிப்பட்ட நட்பு முறிவதில் இலக்கியத்துக்கு இழப்பில்லை.

அந்நாவலைப் பிறகு முழுதும் வாசித்தேன். நூறாம் பக்கத்துக்கு மேல் எனக்கும் பிடிபடவில்லை. மதிப்புரையை நீக்கிவிட்டு, அம்மாணவியை அழைத்துச் சொன்னேன்: "குறை உன் வாசிப்பில் இல்லை அம்மா. நான் வாசிக்காமல் எழுதினேன்." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அதன்பின் என்னிடம் எந்த நூலைப் பற்றியும் கேட்டதில்லை.