யாருக்கு இன்னொரு தவணை?



கொரோனா தடுப்பூசியை இன்னொரு முறை போட வேண்டுமா என்று எங்கள் தெருப் பெரியவர்கள் இன்னும் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் வதந்திதான் பதிலாக வருகிறது. வேதனையாக இருக்கிறது.

2022 ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு, 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் அரசு மையங்களில் முன்னெச்சரிக்கைத் தவணை (பூஸ்டர்) இலவசமாகப் போடப்பட்டது. அதன்பின் எங்களிடம் யாரும் தெளிவாக எதையும் சொல்லவில்லை.

தொற்றைத் தடுக்கும் தடுப்பூசியின் ஆற்றல் சில மாதங்களில் குறைந்துவிடும். நோய் தீவிரமாகாமல் காக்கும் ஆற்றல் அதைவிட நீடிக்கும். அதனால்தான் 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் முதியோர், எதிர்ப்பாற்றல் குன்றியோர் உள்ளிட்ட அதிக ஆபத்துள்ளோருக்கு 6 அல்லது 12 மாத இடைவெளியில் கூடுதல் தவணையைப் பரிந்துரைத்தது. முதல் பூஸ்டர் போட்ட ஆரோக்கியமான இளையோருக்கு அதை வழக்கமாகப் பரிந்துரைக்கவில்லை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. முப்பது வயதுத் தம்பியையும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியம்மாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வைரஸ் உருமாறிவிட்ட நிலையில், கிடைப்பது பழைய வகை ஊசியா, புதுப்பிக்கப்பட்டதா என்பதும் முக்கியம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் மூலமே யாருக்கு இன்னொரு தவணை தேவை என்ற ஆலோசனையையும் சுகாதாரத் துறை அனுப்ப வேண்டும்.

– வாசகி, தஞ்சாவூர்