சுதேச ரகமும் அயல்நாட்டு ரகமும்

எலவனாசூர்கோட்டைப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் பயிரிடும் குடியானவர், புதுப்பயிர் ஒன்றை நாடும்பொழுது, நம் நாட்டு ரகமே மேலானதென்று சிலரும், அயல்நாட்டு ரகமே லாபந்தருமென்று வேறு சிலரும் வாதிப்பதுண்டு. இவ்விரு கட்சியும் பிறப்பிடத்தையே பார்க்கின்றன; நிலத்தையும் பருவத்தையும் பார்ப்பதில்லை.

திராட்சையை எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, நம் நாட்டுப் பழமென்றே எண்ணப்படுகிறது. ஆயினும் அது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ரகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உண்டாக்கப்பட்டது. அதன் பெற்றோரில் ஒன்று மத்தியதரைக் கடற்பக்கத்து மஸ்கட். மற்றொன்று ஆல்ப்ஸ் மலைச்சாரலில் நெடுங்காலம் பயிராகிவரும் சியாவா. கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லாமையால், கவாத்துக் காலத்தை மாற்றி வருஷம் முழுவதும் பழம் எடுக்கின்றனர். பிறந்த இடம் எதுவாயினும், பொருந்திய இடமே அதற்குச் சொந்த ஊராயிற்று.

சியாவாவின் கதையோ வேறு. இத்தாலியின் வடகோடியிலுள்ள தென் தைரோலில் முன்பு பாதிக்கு மேற்பட்ட தோட்டங்களில் இருந்த அக்கொடி, அளவுக்கு மிஞ்சி மகசூல் வாங்கப்பட்டதால் மதிப்பிழந்தது. அவ்விடத்தில் சார்டனே, பினோ கிரிஜோ முதலிய வெளியூர் ரகங்கள் பரவின. இன்று பழைய தோட்டங்களைப் பேணிக் குறைந்த மகசூலை நல்ல பழமாக எடுப்போர்க்குச் சியாவாவும் மதிப்பைத் தருகிறது. லாக்ரைன் என்னும் மற்றொரு சுதேச ரகமும் அங்கே மீண்டும் பரவியுள்ளது. வேரோடு பிடுங்கி எறிந்திருந்தால் இவற்றுக்கு மறுவாழ்வு ஏது?

நம் கரும்பும் இதையே உணர்த்துகிறது. 1912-இல் கோயம்புத்தூரில் தோன்றிய கரும்பு ஆராய்ச்சி நிலையம், சீமைக் கரும்பையும் ஆற்றங்கரையில் வளரும் காட்டுக் கரும்பையும் கலந்து, 1918-இல் கோ 205 என்னும் ரகத்தை வெளியிட்டது. இனிப்பு ஒன்றினின்றும் வலிமை மற்றொன்றினின்றும் வந்தன. பயனற்ற புல்லென்று காட்டுக் கரும்பை அழித்திருந்தால் அந்த வலிமைக்கு வழியில்லை. கல்வராயன் மலையின் சாமையும் இவ்வாறே காக்கத்தக்கது. மரவள்ளிக்குப் பணம் கிடைக்கிறதென்று சாமை விதை முழுவதையும் கைவிட்டால், மழை பொய்க்கும் வருஷத்தில் அதைத் தேடிப் பெறுவது எளிதன்று.

ஆகையால் புது ரகம் வேண்டாமென்பதன்று. சோதியாமல் வேண்டாமென்பதே கருத்து. நெல்லில் தவறினால் ஒரு போகத்தோடு நஷ்டம் முடியும். திராட்சைப் பந்தலுக்கோ கல்தூணும் கம்பியும் நாட்டப் பெரும் முதல் வேண்டும். தவறினால் கடன் பல வருஷம் நிற்கும். இப்பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பழுக்கும் குலை வெடிக்கும்; அடிச்சாம்பல் நோயும் பற்றும். எனவே, முதலில் சில கொடிகளை மட்டும் நட்டு, மண்ணையும் கிணற்றுநீரையும் பரிசோதித்து, மழைக்குமுன் அறுவடை முடியும்படி கவாத்துச் செய்து, இரண்டு மூன்று வருஷம் பார்த்தபின்பே பந்தலை விரிக்கவேண்டும். அதுவரை பழைய பயிரையும் அதன் விதையையும் விடலாகாது. கொடியின் ஊரை விசாரிப்பதற்குமுன், தம் நிலத்தின் குணத்தை விசாரித்தறியும் குடியானவனே நஷ்டமின்றி வாழ்வான்.